கூடம் கோணல்

கதவின் நடுவே தரையில் ஒரு ஆணி அடித்து அதில் நூலைக் கட்டினார் மாமா. மறுமுனையை இழுத்துக்கொண்டு கூடத்தின் கடைசிவரை போய், மாடிப்படிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு நூலைப் பார்த்தார். அதைக் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினார். மறுபடி பார்த்தார்.

"வாசல்ல நின்னு படியப் பாரு. நூல் நடுவுல போகுதா?"

கதவருகே இருந்தாள் அவர் மனைவியின் தங்கை. மண்டியிட்டு, மூலைமட்டத்தின் ஒரு கையைக் கதவுச் சுவரோடு ஒட்டி வைத்து, அதன் மறுகையை நூலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"செங்கோணமா இல்ல மாமா."

"படிக்கு நேரா இருக்கா, அதச் சொல்லு."

"படிக்கு நேரா இருக்கு. கதவுச் சுவருக்கு இல்ல."

டைல் பதிக்க ஒட்டுமாவு குழைத்துக்கொண்டிருந்தவர் கரண்டியை வாளி விளிம்பில் தட்டினார். "காம்பஸ் ஆரம்பிச்சிருச்சு. இன்னைக்கு வேலை நடந்த மாதிரிதான்."

அந்தப் பெயர் அவளுக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அவர்கள் வேலை செய்த இடம் ஒரு வடிவமைப்புக் கல்லூரியின் புதுக் கட்டடம். அதே வளாகத்தின் பழைய கட்டடத்தில் மாலை நேர வரைகலை வகுப்பு நடந்தது. பகலில் மாமாவோடு டைல் வெட்டிக் கொடுத்துவிட்டு, கைகால் கழுவிக்கொண்டு அவள் அங்கே போவாள். மதியச் சாப்பாட்டுப் பையில் எப்போதும் ஒரு காம்பஸ் இருக்கும்.

முதல் நாள் வகுப்பில் ஆசிரியர் பலகையில் ஒரு வட்டம் போட்டார். காம்பஸை விரித்த விரிப்பு மாறாமல் அதே வட்டத்தின் மேல் அடியெடுத்து வைப்பதுபோல் குறித்துக்கொண்டே போனார். ஆறாவது அடி புறப்பட்ட புள்ளியிலேயே வந்து விழுந்தது. அந்த ஆறு புள்ளிகளிலிருந்தும் வளைவுகள் போட்டதும் ஒரு பூ விரிந்தது. "கணக்குக்காரன் இத நிரூபிப்பான். ஓவியன் இதுக்கு வண்ணம் அடிப்பான். கட்டடக்காரன் இது மேல நடப்பான். மூணு பேருக்கும் ஒரே வட்டம்தான்," என்றார். அவள் நம்பாமல் வீட்டுக்குப் போய்ப் பழைய செய்தித்தாளில் போட்டுப் பார்த்தாள். சின்ன வட்டம், பெரிய வட்டம், சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்துப் போட்ட வட்டம். ஒவ்வொரு முறையும் பூ வந்தது.

இந்தக் கூடத்தின் தரையும் அந்த ஆசிரியர் வரைந்து கொடுத்ததுதான். ஆறு பக்கமுள்ள டைல்கள்; அவற்றைத் தேன்கூடு என்று வேலையாட்கள் சொன்னார்கள். வெள்ளைக்கு நடுவே கறுப்புத் துண்டுகளால் ஒரு அறை அகலத்துக்கு ஒரு பூ. அதன் ஒரு இதழ் கதவைப் பார்க்க வேண்டும், எதிர் இதழ் மாடிப்படியைப் பார்க்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் பாடத்தை வாசலிலேயே படிக்கட்டும் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார்.

கதவுச் சுவருக்குச் செங்கோணம் காண அவள் அளவுநாடாவை விரித்து, தரையில் இரண்டு வளைவுகள் கிழித்து, அவை வெட்டிக்கொண்ட இடத்தில் குறி வைத்தாள். கதவிலிருந்து அந்தக் குறி வழியாக நூலைப் பிடித்தபோது அது மாடிப்படியின் நடுவுக்குப் போகவில்லை. இடப்பக்கமாகத் தள்ளிப் போனது. வலச்சுவர் அந்த நூலோடு ஒத்துப் போனது. இடச்சுவர் போகப்போக உள்ளே நெருங்கியது. படியோ இரண்டு சுவர்களுக்கும் நடுவில் கட்டப்பட்டிருந்தது.

"இடப்பக்கச் சுவர் கோணல் மாமா."

"எந்தச் சுவர் கோணல் இல்ல? அதுக்குத்தான் படியப் பாத்து நூல் போடறது. ரெண்டு சுவருக்கும் கோணலப் பாதிப் பாதியாப் பங்கு வச்சிட்டா கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப வாசல்லயே முதல் வரிசை சாய்ஞ்சிரும்."

"அங்க மிதியடி போட்டுருவாங்க."

மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்திருக்கலாம். "வரைபடத்துல கதவுக்குச் செங்கோணமாத்தான் மாமா போட்டிருக்கு. சார் வந்து மட்டம் வச்சுப் பாத்தா நம்மளத்தான் கேப்பாரு," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிட உரக்க வந்துவிட்டது.

மாமா அவளைப் பார்த்தார், பிறகு ஒட்டுமாவுக்காரரைப் பார்த்தார்.

"சரி, விடு. வீட்டுல ஒருத்தி படிக்கிறா. அவ பேச்ச நாமளே கேக்கலன்னா ஊரா கேக்கும்?" என்று சொல்லி, படிக்கு முன்னால் அடித்திருந்த ஆணியைப் பிடுங்கி அவள் காட்டிய இடத்தில் அடித்தார்.

பூ அழகாக வந்தது. கடைசி இதழின் கடைசித் துண்டு இடுக்கில் உட்கார்ந்தபோது மாமா அதை ரப்பர் சுத்தியலால் ஒருமுறைதான் தட்டினார். வலப்பக்கத்தில் சுவர்வரை டைல் ஒரே அளவாக ஓடியது. சிக்கல் இடப்பக்கத்தில் தொடங்கியது. கதவருகே முழு டைல் உட்கார்ந்த வரிசை, உள்ளே போகப்போக முக்காலாகி, பாதியாகி, மாடிப்படி அருகே நகம்போலத் தேய்ந்தது. அவ்வளவு மெலிதாக வெட்டும்போது டைல் பிளந்துபோனது. மாமா அடுத்ததை எடுத்து நீட்டினார். அவள் வெட்டினாள். அதுவும் பிளந்தது.

அன்று மாலை வாசலில் நின்று பார்த்தபோது பூவின் எதிர் இதழ் படியைப் பார்க்கவில்லை. கோபித்துக்கொண்ட ஆள்போல அரைமுகம் திருப்பிக்கொண்டிருந்தது. வெளிச்சம் சாய்வாக விழுவதால் அப்படித் தெரிகிறதோ என்று நினைத்தாள். யாரிடமும் கேட்கவில்லை.

ஒப்பந்தக்காரர் ஆசிரியரைக் கூட்டிக்கொண்டு வந்தபோது இடுக்குகளைக் கடற்பஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் வாசலிலேயே நின்றார்கள். ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"என்னங்க இது, பூ எங்கயோ பாக்குது?"

ஒப்பந்தக்காரர் இடச்சுவர் ஓரமாக நடந்துபோய், தேய்ந்த துண்டுகளைச் செருப்பு நுனியால் தொட்டார். "யாருய்யா நூல் போட்டது?"

"நான்தான்," என்றார் மாமா.

"வருசக்கணக்கா தொழில் பண்றவன் போடற நூலா இது?"

"சுவரும் கொஞ்சம் உள்வாங்கி இருக்குங்க. அதனால..."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்," என்றார் ஒப்பந்தக்காரர்.

எல்லாரும் சிரித்தார்கள். ஆசிரியர் சிரித்தார், ஒட்டுமாவுக்காரரும் சிரித்தார். மாமாவின் உதடுகூடக் கொஞ்சம் விரிந்தது. நான் போட்ட குறி, மட்டம் வைத்துப் பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னால் மட்டம் வைப்பார்கள். வைத்த பிறகு குறிதான் தப்பு என்று ஆகிவிட்டால்? வளைவு கிழிக்கும்போது நாடா தொய்ந்திருந்ததோ? ஆசிரியர் அவளை அடையாளம் கண்டு தலையசைத்தார். அவள் பஞ்சைப் பிழிந்தாள்.

"முழுசா எடுத்துட்டு மறுபடி போடணும். நீ போட வேண்டாம், வேற ஆள் வருவான். போட்டத நீயே உடைச்சு எடுத்துக் கொடுத்துட்டுப் போ," என்றார் ஒப்பந்தக்காரர் மாமாவிடம்.

எல்லாரும் போன பிறகு, வாளி கழுவும் சாக்கில் அவள் தங்கி மறுபடி அளந்தாள். நாடாவை ஆணியில் மாட்டி இறுக்கி இழுத்து அளந்தாள். மூலைக்கு மூலை அளந்தாள். குறி சரியாகவே இருந்தது. அது சரியாக இருந்ததில் அவளுக்கு எந்த நிம்மதியும் வரவில்லை.

அந்த வாரம் வகுப்பில் ஆசிரியர் தரையின் படத்தைத் திரையில் போட்டார். தேய்ந்து போகும் வரிசைமேல் கோலை வைத்து ஓட்டினார். "கணக்கும் கலையும் கட்டடமும் ஒண்ணாச் சேருற இடம்னு நான் சொல்லிட்டே இருக்கேன். கணக்கு கைக்கு வரலன்னா என்ன ஆகும்னு இதப் பாருங்க. வரைஞ்சது ஒண்ணு, வந்தது ஒண்ணு." பின் வரிசையில் யாரோ, "தண்ணியப் போட்டுட்டு நூலப் போட்டிருப்பாரு சார்," என்றதும் வகுப்பு சிரித்தது.

அவள் கையைத் தூக்கினாள். தூக்கிய பிறகுதான் தூக்கியது தெரிந்தது.

"சார், நூல் சரியா இருந்து, சுவர் கோணலா இருந்தா?"

"அப்படி இருக்காதும்மா. வரைபடத்துல சுவர் நேராத்தான் இருக்கு." அவர் கனிவாகத்தான் சொன்னார். "நல்ல கேள்வி. உக்காருங்க."

அந்த நூலைப் போட்டது நான் என்று சொல்ல அதற்குப் பிறகும் நேரம் இருந்தது. எல்லாரும் தாளில் அறுகோணம் வரையத் தொடங்கியிருந்தார்கள். அவளும் வரைந்தாள். ஆறாவது அடி புறப்பட்ட இடத்தில் வந்து விழுந்தது.

மறுநாள் காலை ஒப்பந்தக்காரர் தனியாக இருக்கும்போது போய் நின்றாள்.

"நூல் போட்டது நான்தாங்க. மாமா படியப் பாத்துத்தான் போட்டாரு. நான்தான் மாத்த வச்சேன். சுவர அளந்து பாருங்க, இடப்பக்கம் கோணல்."

அவர் கைப்பேசியைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "தெரியும்."

"என்னங்க?"

"சுவர் கோணல்னு தெரியும். கட்டினது எங்க ஆளுங்கதான். மேல ரெண்டு மாடி ஏறியாச்சு. இப்ப சுவர இடிக்க முடியுமா? தரைய இடிக்கலாம்." கைப்பேசியைப் பையில் போட்டுக்கொண்டார். "நீதான் அளந்தியா? பரவாயில்லையே. புது ஆளோட நீ இரு. படியப் பாத்து நூல் போடு, போதும்."

"மாமா?"

"தரைய எதுக்கு உடைக்கறோம்னு கல்லூரியில கேக்க மாட்டாங்களா? யாரோ ஒருத்தன் தப்பு பண்ணியிருக்கணும்ல?"

வீட்டில் அக்கா துணி மடித்துக்கொண்டே பேசினாள். "இத்தன வருசத்துல ஒரு வேலைய விட்டு இவர அனுப்பினது இல்ல. கண்ணு மங்கிப் போச்சோ என்னமோ. நீ பக்கத்துலதானேடி இருந்த? நூல் கோணலாப் போகுது மாமான்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"அக்கா, அது..."

"அவ எங்க பாத்தா?" என்றார் மாமா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல். "ஏதோ கண்ணு அசந்துட்டேன். நூல்தான் கோணிச்சு, நான் கோணல, விடு. கொஞ்சம் குழம்பு ஊத்து."

அக்கா ஊற்றினாள். "கண் டாக்டர்கிட்டப் போகணும் முதல்ல."

"போலாம்."

அவர் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் தள்ளி வைத்தார். அவள் தின்னாமல் எழுந்ததற்கும் அக்கா அவரைத்தான் திட்டினாள். இவருக்கு வேலை போனதில் பிள்ளைக்குக்கூடப் பசி போய்விட்டதாம்.

உடைக்க வேண்டிய நாளில் மாமா வாசலிலிருந்து தொடங்கினார். உளியை இடுக்கில் வைத்து அடித்தார். டைல் எழவில்லை. அவர் ஒட்டியது. ஒவ்வொரு துண்டையும் நாலைந்தாக நொறுக்கித்தான் எடுக்க வேண்டியிருந்தது. கறுப்பு இதழ்களுக்கு வந்தபோது வேகம் குறைந்தது. பூ கலைந்த பிறகு கூடம் முழுக்க வெண்புழுதி எழுந்து மிதந்தது.

இடச்சுவருக்குப் பூச்சு முடிந்து பெயிண்டர் இரண்டாவது கை வண்ணம் அடித்துவிட்டு இறங்கியிருந்தார். சுவர் பளபளவென்று ஈரமாக நின்றது. ஒப்பந்தக்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏய், பாத்து உடைய்யா. சுவர்ல தூசி படுது." பிறகு அவளைப் பார்த்து, "நீ ஏன்மா சும்மா நிக்கிற? அந்த பிளாஸ்டிக் தாளப் பிடி," என்றார்.

அவள் தாளை விரித்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்தி, சுவரில் படாமல் அதற்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமா மண்டியிட்டபடி சில்லுகளைத் தள்ளிவிட்டு அவள் காலடிவரை வந்தார்.

"காலைக் கொஞ்சம் நகத்தும்மா," என்றார்.

அவள் நகர்ந்தாள், தாளைத் தாழ்த்தாமல்.