வேஷத்தில் சொன்ன சத்தியம்

"அது நாடகந்தானே கண்ணம்மா? வேஷத்தில் சொன்னதைப் போய்..."

"வேசந்தானுங்க அம்மிணி. ஆனாக் கற்பூரம் நெசமாத்தானே எரிஞ்சுது?"

ராஜேஸ்வரி நோட்டை மூடி வைத்தாள். சேலத்துக் கல்லூரியில் நவீன நாடகமும் சமூக மாற்றமும் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். போன வருஷம், எண்பத்தாறில், தலைச்சோலை மலைக்கிராமத்து மாரியம்மன் கோயில் முன்னால் வீதி நாடகம் போட்டாள். அதில் காப்பிப்பழம் பறிக்கிறவளாக வந்த, நிஜத்திலும் அதே வேலை பார்த்த கண்ணம்மாள், "ரைட்டரு எடையில திருடறான்!" என்று கத்தி, கற்பூரத்தைக் கையால் அணைத்து, "இனி எஸ்டேட்டுல காலு வெக்கமாட்டேன்!" என்று சத்தியம் செய்தாள். வசனம் ராஜேஸ்வரி எழுதியது. கற்பூரமும் அவள் வாங்கி வந்ததுதான்.

மாற்றம் வந்ததா என்று கேட்டெழுத இப்போது வந்திருந்தாள். வந்துதான் இருந்தது. நாடகத்துக்குப் பிறகு பெண்கள் யாரும் முள்ளைப் பார்க்காமல் தராசை விட்டு நகர்வதில்லை. எடை போட்டுக் கணக்கெழுதும் ரைட்டர் பல்லைக் கடித்துக்கொண்டு காட்டினார். ஆனால் கண்ணம்மாளை ஒருத்தியும் கூடப் பறிக்கச் சேர்க்கவில்லை. சத்தியம் தப்பி வருகிறவளோடு நின்றால் அம்மன் எல்லோரையும் கேட்பாளாம்.

"ஊட்டுல களி கிண்ட மாவில்லீங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஊர்ப் பெரியவர் பெரியண்ணனிடம் போனார்கள். அந்தச் சத்தியம் தான் எழுதிக் கொடுத்த வெறும் வசனம் என்றாள் ராஜேஸ்வரி.

"சத்தியம் பொய்யிங்கிறயா கண்ணு? அப்ப ரைட்டரு திருடறான்னு சொன்னது?"

"அது நிஜங்க ஐயா."

"அதென்ன, ஒரே வாயில பாதி மெய்யி பாதி பொய்யி? எழுதுன நீயே அம்மன் முன்னால அத்தனையும் பொய்யின்னு கற்பூரம் அணைச்சுச் சொல்லு. அவ வேலைக்குப் போகட்டும்."

கோயில் முன்னால் ஊர் கூடியது. ரைட்டரும் வந்து கைகட்டி நின்றார். ராஜேஸ்வரி கண்ணம்மாளைப் பார்த்தாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. தானே கற்பூரத்தை அணைத்தாள். கை சுட்டது.

"அத்தனையும் பொய்."

மறுநாள் ராஜேஸ்வரி பஸ்ஸுக்குப் போகும் வழியில் எஸ்டேட்டில் எடை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி வழக்கம்போலத் தராசுப் பக்கம் எட்டினாள். ரைட்டர் குறுக்கே வந்தார்.

"என்ன எட்டிப் பாக்கற? அதான் பொய்யின்னு அம்மன்கிட்டயே சொல்லியாச்சே. இன்னும் என்னடி நாடகம்?"

அவள் பின்வாங்கினாள். அடுத்தவள் எட்டவே இல்லை. முதுகால் தராசை மறைத்துக்கொண்டு ரைட்டர் எடையைச் சொன்னார். கடைசியில் நின்ற கண்ணம்மாள் கூடையைக் கவிழ்த்துவிட்டு, வேலியோரம் ராஜேஸ்வரியைக் கண்டதும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நொம்பப் புண்ணியமுங்க அம்மிணி."

சுட்ட கை அது.