காரணம் எழுதும் கட்டம்

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அடுத்த நாடு; அங்கே மரம் அறுக்கும் மில் பதினொன்று. பதினொன்றும், காட்டை அழிக்காமல் வெட்டிய மரம் என்று, இரண்டு நாட்டுக்கும் முத்திரை தரும் எங்கள் அலுவலகத்தில் முத்திரை வாங்கியவை. இந்தப் பக்கம் எங்கள் நாடு. அதே காடு, அதே மரம். ஒரு மில்கூட வாங்கவில்லை. ஏன் என்று ஆய்வாளனான நான் படிவத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டும். ‘விழிப்புணர்வு இல்லை’ என்று போட்டால் மேலிடம் மகிழ்ந்துபோகும். காலையிலிருந்து மூன்று முறை அப்படி எழுதி, மூன்று முறையும் அடித்துவிட்டேன்.

இந்தப் பக்கத்து மில் ஒன்றில் நான் போய் நின்றும் மில்லுக்காரம்மா ரம்பத்தை நிறுத்தவில்லை. தொண்டை கிழியக் கத்தித்தான் கேட்டேன்.

“ஏம்மா, நீங்க ஏன் முத்திரை வாங்கல?”

“எதுக்கு சார்? அக்கரைக்காரங்க மரம் கப்பல் ஏறுது. வாங்குறவன் முத்திரை எங்கன்னு கேக்குறான். எங்க மரம் பூரா உங்க டவுனுக்குத்தான் வருது. இருபது வருஷமா ஒருத்தர் வாய் திறந்து கேட்டதில்ல.”

“ஜனங்களுக்குத் தெரியாதும்மா.”

அப்போதுதான் ரம்பத்தை நிறுத்தினார்.

“உங்களுக்குத் தெரியும்ல? கடைசியா மரத்துல என்ன வாங்குனீங்க?”

போன மாதம் மகளுக்குக் கட்டில் வாங்கினேன். வண்டிக் கூலி யார் தலையில் என்று கடைக்காரரிடம் அரைமணி நேரம் மல்லுக்கு நின்றேன். மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றவே இல்லை.

“கட்டில்” என்றேன்.

அவர் மறுபடியும் ரம்பத்தைப் போட்டார்.

வண்டியில் ஏறியும் இருப்புக்கொள்ளவில்லை. படிவத்தை எடுத்து, மூன்று அடித்தல்களுக்குக் கீழே எழுதினேன்: ‘நானும் கேட்கவில்லை.’