மாடிப்படி ஏறாத நாட்கள்

எனக்கு ஊருக்கு முன்னாடி நல்ல பேர் வாங்கணும்னா கொள்ளை ஆசை. தெருக் கூட்டத்துல நர்ஸம்மா, "காசநோய் மாத்திரை சாப்பிடறவர் ஒருத்தர் இருக்கார். தினமும் அவர் முழுங்கறதைக் கண்ணால பார்த்து, அட்டையில டிக் போட ஒரு ஆள் வேணும்"னு கேட்டாங்க. ஒருத்தரும் மூச்சு விடல. நான்தான் எழுந்து நின்னேன். "பக்கத்து வீட்டுக்கு இதுகூடச் செய்யலைன்னா நாமெல்லாம் மனுஷங்களா?"ன்னு ஒரு பிரசங்கம் வேற! கைதட்டினாங்க.

அவர் மூட்டை தூக்கறவர். மாடியில ஒரே ரூம், பொண்டாட்டி, ஆறு வயசுப் பொண்ணு. ரெண்டு மாசம் ஒழுங்காத்தான் போனேன். தையல் கடையைத் திறக்கறதுக்கு முன்னாடி படியேறி, மாத்திரையைக் கொடுத்து, அவர் முழுங்கிட்டு வாயைத் திறந்து காட்டினப்புறம்தான் டிக். "ஸ்கூல் வாத்தியாரம்மாவே தோத்தாங்கக்கா உங்ககிட்ட"ன்னு சிரிப்பார்.

ஒருநாள் கடைக்கு வந்த ஒருத்தி, "அந்த வீட்டுக்குப் போற கையாலயா என் துணியைத் தொடறே?"ன்னு தைக்கக் கொடுத்த ரெண்டு ஜாக்கெட்டையும் பிடுங்கிட்டுப் போயிட்டா. மாத்திரை ஒழுங்கா சாப்பிடறவர்கிட்ட பயப்பட வேண்டாம்னு நர்ஸம்மா படிச்சுப் படிச்சுச் சொன்னது மறக்கல. ஆனாலும் பயம்.

மறுநாள் ஒரு வாரத்து மாத்திரையை மொத்தமா அவர் பொண்டாட்டியைக் கீழே கூப்பிட்டு கையில கொடுத்துட்டேன். அதுலேருந்து வாரா வாரம் அதே கதை. தெருவுல நின்னே கத்துவேன். "போட்டாச்சா?" மேலேருந்து "போட்டாச்சுக்கா!"ன்னு குரல் வரும். டிக். மழை பெய்ஞ்சா அதுகூடக் கேக்காம டிக்.

இன்னிக்கு எங்க எல்லாரையும் ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருந்தாங்க. அவர் சளியில மறுபடி கிருமி. பொண்ணுக்கும் வந்திருக்கு.

நர்ஸம்மா அட்டையைப் புரட்டினாங்க. "ஒரு நாள்கூட விடல. அப்புறம் எப்படி?"

அவர் முந்திக்கிட்டார்.

"அக்கா மேல தப்பில்லம்மா. தினமும் வந்தாங்க. மாத்திரை போட்டா குமட்டும், மூட்டை தூக்க முடியாது. நாக்குக்கடியில ஒளிச்சு வச்சு, அவங்க இறங்கினதும் துப்பிடுவேன்."

"இவங்களை மாதிரி ஒருத்தர் கிடைச்சும் ஏமாத்தியிருக்கீங்களே!"ன்னு நர்ஸம்மா அவரைப் பிடிபிடின்னு பிடிச்சாங்க. அவர் கையைக் கட்டிக்கிட்டு வாங்கிக்கிட்டார். நான் அந்தப் பாராட்டைக் கேட்டுக்கிட்டு கல்லு மாதிரி உக்காந்திருந்தேன். சீ, நானும் ஒரு பொம்பளையா!

வெளியே வந்ததும் அவர் பொண்டாட்டி கையைப் பிடிச்சேன். "எதுக்கும்மா எனக்காகப் பொய் சொன்னார்?"

"உங்களை நிறுத்திட்டா வேற யாரு வருவாக்கா? எங்களை வாசல்ல நின்னு கூப்பிடறதே நீங்க ஒருத்தர்தான்"னா. குத்திக்காட்டிச் சொல்லல, நிஜமாவே நன்றியாத்தான் சொன்னா. எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு.

அவங்க மூணு பேரையும் இழுத்துக்கிட்டு மறுபடி உள்ளே போனேன். மூணு மாசமா படியேறாததை, மழை நாள் டிக்கை, எல்லாத்தையும் நர்ஸம்மாகிட்ட கொட்டிட்டேன். அவங்க திட்டவே இல்ல. பழைய அட்டையை ஓரமா வச்சுட்டு, புதுசா ஒரு அட்டையை எடுத்தாங்க.

"பொண்ணுக்கும் தினமும் மாத்திரை கொடுக்கணும். யாரைப் போடறது?"

அந்தப் பொண்ணு என் புடவையைப் பிடிச்சு இழுத்துச்சு.

"இந்த அத்தைதான் எங்க வீட்டுக்கு வருவாங்க."