பொட்டி பொட்டினால்

கேரள எல்லையில் பாறசாலை சந்திப்பில் பொன்னப்பன் நடத்தும் மின்சாமான் கடைக்குள் நுழைந்ததும் இரண்டு மேசைகள் எதிரும் புதிருமாகக் கிடக்கும். வலது மேசை மைனா கம்பெனிக்கு, இடது மேசை ஜோல்வா கம்பெனிக்கு. இரண்டு கம்பெனியும் லேப்டாப் செய்கின்றன. பழைய பாட்டுகளை ஆயிரக்கணக்கில் அடைத்து, கையில் தூக்கிப் போகிற பாட்டுப் பெட்டியும் செய்கின்றன. பாட்டுப் பெட்டி பார்க்க வருகிறவர் தலையில் மெல்ல ஒரு லேப்டாப்பையும் கட்டிவிட வேண்டும் என்பதுதான் இருவர் திட்டமும். இறாலைப் போட்டுச் சுறாவைப் பிடிப்பது இந்தக் கடற்கரைக்குப் புதிதா என்ன.

மைனா மேசையில் நிற்பவள் ஜெஸ்னா, செங்கல் ஊர்க்காரி. கல்யாணச் சேலையின் மடிப்பு இன்னும் கலையவில்லை. கணவன் லிபினுக்குப் பக்கத்து நெய்யாற்றின்கரையில் பல் கட்டும் லேபில் வேலை. ஜோல்வா மேசையில் காரோடு ஊரிலிருந்து வரும் ஷிஜு. வாயாலேயே வண்டி ஓட்டுகிறவன். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் இருவரும் ஒரே பொட்டலத்துக் கடலையைக் கொறிப்பார்கள். ஆள் நுழைந்துவிட்டால் கீரியும் பாம்பும்தான்.

ஓணம் நெருங்கியது. இரண்டு கம்பெனியும் ஒலிபெருக்கி கட்டிய ஜீப்பை ஊருக்குள் இறக்கின. வாசிக்க வேண்டியதைக் கொச்சி அலுவலகம் எழுதி அனுப்பியிருந்தது. மலையாளம் என்றால் பரீட்சைக்குப் படிக்கிற மலையாளம். தமிழோ சென்னையில் இஸ்திரி போட்டு வந்த தமிழ். 'கையடக்க இசைக் கருவியின் நூதன அனுபவம்' என்று ஜீப் கூவிக்கொண்டு போனபோது செங்கலில் சிலர் ரத்ததான முகாம் என்று நினைத்தார்கள். திருப்புறத்தில் ஒரு அம்மா, இந்த முறை யாருக்கும் ஓட்டுப் போடுவதாக இல்லை என்று ஜீப்பை மறித்துச் சொல்லி அனுப்பினாள். கடைப்பக்கம் ஒரு ஈ கூட எட்டிப் பார்க்கவில்லை.

கொச்சியிலிருந்து மேலாளர் போன் செய்தார். ஓணத்துக்குள் வியாபாரம் சூடு பிடிக்காவிட்டால் பாறசாலை மேசையை எடுத்துவிடுவோம், உன்னைக் கண்ணூருக்கு மாற்றிவிடுவோம் என்றார். ஜெஸ்னாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கண்ணூர் கேரளத்தின் மறுகோடியில் இருக்கிறது. அங்கே போனால் அவளும் லிபினும் ரயிலில்தான் குடித்தனம் நடத்த வேண்டும். வேலையை விடவும் முடியாது, புருஷனை விடவும் மனசில்லை. எதிர் மேசைக்கு இது தெரிந்தால் கேவலம் என்று வாயைத் திறக்காமல் இருந்தாள்.

மறுநாள் அவளே ஜீப்பில் ஏறி மைக்கைப் பிடித்தாள். கொச்சித் தாளை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தாள்.

"மக்கா, பாட்டுப் பொட்டி வந்திருக்கு, கேட்டியளா. நெட்டு வேண்டாம், மருமவகிட்ட கெஞ்சாண்டாம். அமுக்கினா பாடும், அம்பிடுதான்."

ஊர் காதைத் தீட்டிக்கொண்டது. இது நம் வீட்டுப் பேச்சாயிற்றே என்று ஆட்கள் கடைக்கு வந்தார்கள். அமுக்கிப் பார்த்தார்கள், வாங்கவும் செய்தார்கள். ஒரு வாத்தியார் லேப்டாப்பே வாங்கிப்போனார். ஜெஸ்னாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஷிஜுவுக்கு வயிறு எரிந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெட்டியைப் பொட்டி என்பது தமிழ் நாக்கு. ஒன்று வெடித்துப் போனாலோ உடைந்து போனாலோ பொட்டி என்பது மலையாள நாக்கு. எல்லை ஊரில் ஒரே வாய்க்குள் இரண்டு நாக்கும் சண்டையில்லாமல் கிடக்கின்றன. இதுவரை யாரும் இரண்டையும் முட்டவிட்டதில்லை. ஷிஜு முட்டவிட்டான்.

அவனும் ஜீப்பில் ஏறினான். "மைனாவுக்க பாட்டுப் பொட்டி" என்று இழுத்து நிறுத்துவான். பிறகு டமார் என்று ஒரு வெடிச் சத்தம் போடுவான். பிறகு துக்க வீட்டுக் குரலில் சொல்வான்: "பொட்டி."

சிரிக்காத ஆள் இல்லை. பஸ்ஸில் கண்டக்டர் ஜெஸ்னாவைப் பார்த்ததும் டமார் என்றார். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடகர் குழுவோடு நின்று உச்சத்தைத் தொடும்போது அவள் குரல் லேசாக உடைந்தது. பின் வரிசையில் யாரோ 'பொட்டி' என்று முணுமுணுக்க, ஆயர்கூடப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். பெட்டிக்குச் சொல்லிவைத்திருந்தவர்கள் எல்லாம் பிறகு பார்ப்போம் என்று நழுவினார்கள். ஷிஜுவிடம் கேட்டதற்கு, வியாபாரமாக்கும், கோவிக்காதே என்று கடலையை நீட்டினான். அவள் வாங்கவில்லை.

அன்று சாயங்காலம் மரச்சீனிக் கிழங்கு அவித்துக்கொண்டே நடந்ததை லிபினிடம் சொன்னாள். கண்ணூர் பயம் அவனுக்கும்தான் இருந்தது. ஆனாலும் அந்த டமார் வந்த இடத்தில் பாவி மனுஷன் சிரித்துவிட்டான். ஜெஸ்னாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"சிரிக்கியளா? பொட்டி பொட்டுனா இப்ப என்ன? பொட்டுனா புதுப் பொட்டி குடுப்போம். ஒரு வருசம் கேரண்டி உண்டு."

சொன்ன வாய் அப்படியே நின்றது. லிபினும் சிரிப்பை நிறுத்தினான்.

"இதை நீ ஜீப்பில சொன்னியா?" என்று கேட்டான்.

அவள் சொல்லவில்லை. கொச்சித் தாளின் கடைசி வரியில் இருந்தது, 'நிபந்தனைகளுக்குட்பட்ட மாற்றீட்டு உத்தரவாதம்' என்று. அதை வாசித்தவருக்கும் புரியவில்லை, கேட்டவருக்கும் புரியவில்லை. தாளோடு சேர்த்து அதையும் அவள் இருக்கைக்கு அடியில் மடித்துவைத்துவிட்டாள். மரச்சீனி அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. இருவரும் அசையவில்லை.

விடிந்ததும் ஷிஜுவின் ஜீப் எந்தத் தெருவில் நுழைந்ததோ அதே தெருவில் மைனாவின் ஜீப் பின்னாலேயே நுழைந்தது. அவன் டமார் போட்டுப் 'பொட்டி' என்று முடிப்பதற்குக் காத்திருந்து, அவள் மணியடித்த மாதிரி சொன்னாள்: "பொட்டி பொட்டுனா புதுப் பொட்டி!"

அவன் வெட்டிய வாய்க்காலில் அவள் தண்ணீர் பாய்ச்சினாள். மத்தியானத்துக்குள் ஷிஜு 'பொட்டி' என்றாலே வேலிக்குள்ளிருந்து ஆட்கள் 'புதுப் பொட்டி' என்று முடித்துவைத்தார்கள். அவன் மைக்கை அணைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பியபோது மைனா மேசையைச் சுற்றி நிற்க இடமில்லை. பாட்டுப் பெட்டி வாங்கியவர்கள், இதே கேரண்டி லேப்டாப்புக்கும் உண்டா என்று அவர்களாகவே கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்தாள். ஜோல்வா மேசையைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே ஜெஸ்னாவிடம் வந்து, வாழைத்தோட்டத்தில் வைத்துக் கேட்க ஒரு பொட்டி வேண்டும் என்றாள். எதிரே ஷிஜுவின் முகம் செத்துப்போயிற்று. வந்தவள் அவனைப் பெற்ற குமாரி.

"அம்மா, அது எனக்க கம்பெனி இல்ல. இஞ்ச வா" என்றான் தாழ்ந்த குரலில்.

குமாரி இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள்.

"எலே, நீதானே காரோடு முழுக்க மைனாவுக்க பாட்டுப் பொட்டி, பாட்டுப் பொட்டின்னு தொண்டை கிழிய விளிச்ச? எனக்க மவன் விக்கிற சாதனமாக்கும்னு அயலத்துக்காரியளுக்கு ஒக்க சொல்லி, எல்லாரையும் கூட்டிட்டு வந்திருக்கேன்."

வாசலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். கடையே கொல்லென்று சிரித்தது. பொன்னப்பன் கல்லாவின்மேல் கவிழ்ந்துகொண்டார். குமாரி விடவில்லை.

"சரி, உனக்க பொட்டி பொட்டுனா என்ன தருவ?"

ஜோல்வா பெட்டி பழுதானால் எறணாகுளத்துக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதைப் பெற்றவளிடம் சொல்வதற்குப் பதில் ஷிஜு மேசையை விட்டு எழுந்தான். அம்மா வாங்கிய மைனா பெட்டியை அவனே தூக்கிக்கொண்டு ஆட்டோவில் வைத்தான்.

கூட்டம் கலைந்த நேரத்தில் மேலாளர் போன் வந்தது. குரலில் தேன் ஒழுகியது. அற்புதம், இதே வித்தையைக் கண்ணூரிலும் காட்ட வேண்டும், பதவி உயர்வோடு உடனே வந்துவிடு என்றார். தோற்றாலும் கண்ணூர், ஜெயித்தாலும் கண்ணூரா? ஜெஸ்னா போனை மறுகாதுக்கு மாற்றினாள். பாதி மலையாளமும் பாதி தமிழுமாகச் சொன்னாள்:

"அது அங்க செல்லாது சாரே. கண்ணூர்ல பொட்டுறது உண்டு, பொட்டி இல்ல. சென்னையில பொட்டி உண்டு, பொட்டுறது இல்ல. ரெண்டும் உள்ளது இஞ்ச மட்டும் ஆக்கும்."

மேலாளர் 'பொட்டி, பொட்டுறது' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, அப்படியென்றால் நீ அங்கேயே இரு, மேசையும் இருக்கட்டும் என்றார். ஜெஸ்னா போனை வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஷிஜு எதிர் மேசையிலிருந்து எழுந்து வந்தான். போனில் பேசியதைக் கேட்டிருந்தான்; முதல் போனில் வந்த மிரட்டலையும் அவள் இப்போது சொன்னாள். கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவள் முன்னால் வைத்தான்.

"கண்ணூருக்கு மாத்துவினும்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஜீப்பிலயே ஏறியிருக்க மாட்டேன், ஜெஸ்னா."

அவள் இந்த முறை ஒரு கை நிறைய அள்ளிக்கொண்டாள்.

"அதான் சொல்லல. நீ ஏறாம இருந்திருந்தா புதுப் பொட்டியும் இல்ல, நான் இப்ப கண்ணூர்லயாக்கும்."