வண்டியில் கமலாவின் இடம்

“அந்தப் பொட்டிய வெச்சிருக்கீங்களே, அது யாரு எடம்?”

கமலா போட்ட சத்தத்தில் நெல்லித்தோப்பில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. நான் முன்பே வந்து நின்றிருந்தேன்.

“பொட்டியா? பாட்டு செட்டுடி, ஸ்டீரியோ!” என்றார் அவள் புருஷன் தெய்வசிகாமணி. “ஊர்ல எந்தப் பழைய வண்டியிலயாவது இருக்கா?”

பழைய வண்டிதான். துரை ஒருவர் பிரான்சுக்குப் போகும்போது தன் டிரைவருக்கு, அதாவது தெய்வசிகாமணியின் அப்பாவுக்கு, விட்டுப்போன பெழோ கார். கியர் ஸ்டீயரிங்கை ஒட்டியே இருக்கும். முன்பக்கம் முழுக்க ஒரே நீள சீட்டு. கல்யாணமாகி வந்ததிலிருந்து புருஷன் பக்கத்தில், நடுவில், கமலா. ஜன்னலோரம் அவர் அக்கா குஞ்சம்மாள். புருஷன் போனபின் தம்பி வீட்டோடு வந்தவள். ஆடியில் வீராம்பட்டினம் தேருக்கு மூவரும் அப்படித்தான் போவார்கள்.

எண்பத்தாறில், தேருக்கு முந்தின நாள், தவளக்குப்பம் பலராமன் பட்டறையிலிருந்து வண்டி இப்படி வந்து நிற்கிறது: நீள சீட்டு போய், தனித்தனியாக மாருதி சீட்டு இரண்டு. நடுச்சந்தில் பாட்டு செட். டேஷ்போர்டை அறுத்து ஒயர் இழுத்திருந்தது.

“சீட்டு ரெண்டுதான் இருக்கு. நான் எங்க குந்தறது, உங்க மடியிலயா?”

“பின்னால குந்தேன். ஸ்பீக்கர் அங்கதான், பாட்டு நல்லா கேக்கும்.”

“அப்ப உங்க அக்காவ அனுப்புங்க, கேக்கட்டும்.”

குஞ்சம்மாள் அதற்குள் முன் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தியிருந்தாள். முதுகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தபடி, “எனக்கு முட்டிவலி கமலா, பின்னால ஏற முடியாது” என்றாள். சீட்டை மாற்றும் யோசனை யாருடையது என்று நான் சொல்லித்தான் தெரியவேண்டுமா?

“பின்னாலயும் கதவு இருக்கு அண்ணி. எறங்குங்க.”

“மாட்டேன். எந்தம்பி வண்டி.”

“எம்புருஷன் வண்டி!”

மறுநாள் வண்டி பாட்டோடு கிளம்பியது. கமலா அதில் ஏறவில்லை, கடலூர் பஸ்ஸில் ஏறினாள். நானும் அதே பஸ்தான். வேலை இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேருக்கு அரியாங்குப்பத்தில் இறங்கவேண்டும். அவள் இறங்கவில்லை. தவளக்குப்பத்தில் இறங்கி, அங்கிருந்த அண்ணன் வீட்டுக்கும் போகாமல், நேரே பலராமன் பட்டறைக்கு நடந்தாள். வண்டியிலிருந்து கழற்றிய நீள சீட்டை, வருகிறவர்கள் உட்கார அவன் வாசலில் போட்டிருந்தான். அதில் நடுவில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

தேர்க்கூட்டத்தில் யாரோ சொல்லி, தெய்வசிகாமணி பாட்டைக்கூட நிறுத்தாமல் வந்து சேர்ந்தார்.

“ஏறுடி. மானம் போவுது.”

“எங்க ஏறட்டும்? எடத்தக் காட்டுங்க.”

“பின்னால...”

“பின்னால குந்த நான் இன்னா சவாரியா? இந்த சீட்டு வண்டிக்குப் போனா நானும் வரேன். இல்லன்னா ரெண்டு பேரும் இங்கயே கெடக்குறோம்!”

கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் டயரை உதைத்தார், பலராமனைத் திட்டினார். “நீங்க சொன்னீங்க, அறுத்தேன்” என்றான் அவன். கடைசியில் ஸ்பானரைப் பிடுங்கித் தானே செட்டைக் கழற்றினார். வண்டியில் இருந்த குஞ்சம்மாளைக் கீழே இறக்கினால்தான் மாருதி சீட்டைக் கழற்றி நீள சீட்டை மாட்ட முடியும். இறக்கினார்கள். நான் ரசிக்கவில்லை என்றால் பொய்.

இன்றும் வண்டி தேருக்குப் போகிறது. டேஷ்போர்டில் அறுத்த ஓட்டை அப்படியே. புருஷனும் பெண்டாட்டியும் ஒட்டித்தான் உட்காருகிறார்கள். ஒரு வார்த்தை பேசுவதில்லை. ஜன்னலோரம் காலி. குஞ்சம்மாள் அந்த ஆவணியிலேயே காரைக்காலில் இருக்கும் இளைய தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே கார் இல்லை, மொபெட்தான். பின்னால் ஒரே சீட்டு. அதில் அவன் பெண்டாட்டி உட்காருகிறாளாம்.