மனாங் ஃபெலிசா மீறிய எட்டாம் விதி

எங்கள் காகயான் ஆற்றங்கரை மீட்புக் குழுவின் விதிகளை எழுதியவன் நான்தான். பாலத் தூணில் உள்ள சிவப்புக் கோட்டைத் தண்ணீர் தாண்டினால் படகு இறங்கக் கூடாது என்பது எட்டாம் விதி. தொண்டர் டெல்ஃபினை வெள்ளம் கொண்டுபோன பிறகு எழுதியது. மீறினால் மூன்று மாதம் படகில் ஏற முடியாது.

போன நவம்பர் புயலில், மதியம் இரண்டு மணிக்குத் தண்ணீர் கோட்டுக்கு ஒரு முழம் மேலே ஓடியது. அக்கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் செய்தி வந்தது. பிரசவ வலியில் ஒரு பெண், ரத்தப்போக்கு நிற்கவில்லை. பெயர் ரோவேனா. என் மகள்.

விதியை எழுதிய நான் எந்த முகத்தோடு படகு கேட்பேன்?

குழுத் தலைவி ஃபெலிசாவை எல்லோரும் மனாங், அதாவது அக்கா, என்போம்; முப்பது வருடம் மருத்துவச்சியாக இருந்தவர். என்னைப் பார்த்தார்.

"நீ கேக்க மாட்டே, செபியோ. தெரியும்."

"எட்டாம் விதி இருக்கு, மனாங்."

"எனக்கும் படிக்கத் தெரியும்ப்பா. மேலேயிருந்து மரம் மிதந்து வர்றது நின்னு அரை மணியாச்சு. போயிட்டு வந்துடலாம். யாரையும் வான்னு சொல்லல. நான் போறேன்."

டெல்ஃபினின் அண்ணன் அம்போ எழுந்தார். "உங்களுக்கு மோட்டார் ஓட்டத் தெரியாது. சுத்திச் சுத்தி இங்கேயேதான் நிப்பீங்க."

ஒன்றரை மணி நேரத்தில் ரோவேனாவோடு திரும்பினார்கள். ஆஸ்பத்திரியில் தாயும் பிழைத்தாள், பெண் குழந்தையும் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முதலில் வந்தது ஒரு புகார். மனாங் தன் மேல் தானே எழுதிக் கொடுத்தது; முடிவு தன்னுடையது மட்டுமே, அம்போ மேல் குற்றமில்லை என்றும் அதில் இருந்தது.

"விடுங்க மனாங், நல்லதுதானே நடந்துச்சு" என்றார்கள்.

"இந்தத் தடவ என் கணக்கு சரியா வந்துச்சு. நாளைக்குத் தப்பாப் பாக்குறவனும் இதையேதான் சொல்வான். மூணு மாசத் தண்டனைக்கு ஓட்டுப் போடுங்க."

யாரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். பின்னாலிருந்து, "நன்றி கெட்டவன்" என்று ஒரு குரல். மனாங் மட்டும் தலையசைத்தார். பிறகு மற்ற கைகளும் மெல்ல எழுந்தன.

அன்றே விதியில் ஒரு வரி சேர்த்தோம்: கோட்டுக்கு மேலே தலைவர் முடிவெடுக்கலாம், ஆனால் தானும் படகில் போக வேண்டும், விருப்பப்பட்டவர்களை மட்டுமே கூட்டிப்போக வேண்டும், ஏழு நாளுக்குள் கூட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்த மூன்று மாதமும் மனாங் கரையில் மிதவை உடுப்புகளைத் துவைத்தார். சனிக்கிழமைதோறும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து துவைத்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தால், "சேறு போகல, நல்லாத் தேய்" என்பார். தேய்த்தேன்.