நனையாத பெருமாள்

அவர் மட்டும் பார்க்காமல் இருந்தால் பேசிவிடலாம். ஊர் பார்க்கட்டும், யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும். அவர் மட்டும் இன்றைக்கு ஒரு நாள் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டால் போதும்.

நினைத்த மறுகணமே ஸ்ரீவல்லிக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. கருட சேவை விடியலில் புருஷன் தூங்கிப்போக வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற பெண்டாட்டி. அவர் எங்கே தூங்குவார்? இருட்டோடு இருட்டாகப் பக்கத்து வீட்டுச் செல்லியம்மாள் வந்திருப்பாள். முகம் துடைத்து, நெற்றிக்கு இட்டுவிட்டு, முதுகுக்குத் தலையணை அண்டக் கொடுத்து, டிவியைப் போட்டிருப்பாள். நாலு வருஷத்துக்கு முன் வாதத்தில் வலப்பக்கம் விழுந்துபோன நாளிலிருந்து ஸௌந்தரராஜனுக்குக் கோயில் என்பது அந்தப் பெட்டிதான். அதில் கேட்கிற குரல் அவளுடையது.

அத்திகிரி டிவியின் அறைக்கு ஜன்னல் கிடையாது. சத்தம் நுழையாமல் சுவர் முழுக்க முட்டை அட்டையும் அதன் மேல் நீலத் துணியும் ஒட்டியிருந்தார்கள். ஏ.சி. மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், டேப் ஓட்டுகிற ராமராஜன் கேசட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். அது போன வருஷத்துக் கருட சேவை. இன்னும் சற்று நேரத்தில், திரையின் மூலையில் 'நேரடி ஒளிபரப்பு' என்ற எழுத்தோடு, அது வீடுகளுக்குப் போகும்.

கேபிள் கம்பி இழுத்துக்கொண்டிருந்த தணிகாசலம் இந்தச் சேனலைத் தொடங்கியதே இந்த ஒரு காலைக்காகத்தான். நடமாட்டமில்லாமல் கிடந்த அவருடைய அம்மா, சாவதற்குள் ஒருமுறை காஞ்சி வரதனைக் கருடன் மேல் பார்க்க வேண்டும் என்று அழுதாள். வாடகைக்கு ஒரு கேமரா எடுத்து, கோபுர வாசலிலிருந்து வீடுவரை கம்பி இழுத்தார். தெருவில் இன்னும் நாலு வீட்டில் கேட்டார்கள். பிறகு ஊரே கேட்டது. சந்நிதித் தெருவில் குடியிருந்த ஸ்ரீவல்லியைத் தேடிவந்து, "கோயில் விசயமெல்லாம் உங்களுக்குத் தெரியும், நீங்க பேசுங்க மாமி" என்றார். அப்போது கோயிலில் பிரபந்த கோஷ்டியில் நின்று சேவித்துக்கொண்டிருந்த ஸௌந்தரராஜன், "போயேன், நல்ல காரியம்தானே" என்றார்.

அந்த அம்மாள் போன பிறகுதான் எல்லாம் ஆரம்பித்தது. முதலில் பூஜைக்கும் பூஜைக்கும் நடுவில் பக்திப் பாட்டு. அப்புறம் வெறும் சினிமாப் பாட்டு. பிறந்த நாள் வாழ்த்து வந்தது, ராசிக்கல் மோதிரக்காரர் வந்தார், ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து மனை விற்பனை வந்தது. கோயில் ஒரு மணி நேரமாகி, அரை மணியாகி, பாட்டு தொடங்கும் முன் ஓடுகிற ஒரு படமாக நின்றது. ஸ்ரீவல்லி வாழ்த்தும் படித்தாள். மோதிரக்காரரை, "நமது நேயர்களின் நம்பிக்கைக்குரிய" என்று அறிமுகப்படுத்தவும் செய்தாள். எந்த இடத்தில் எழுந்து போயிருக்க வேண்டும் என்று அவள் பல தடவை தேடிப் பார்த்திருக்கிறாள். அப்படி ஓர் இடம் அகப்பட்டதே இல்லை. ஒவ்வொன்றும் முந்தினதைவிடத் துளிதான் மோசமாக இருந்தது. அதற்குள் சந்நிதித் தெரு வீட்டை விட்டுச் செவிலிமேட்டில் சின்ன வீட்டுக்கு வந்தாயிற்று. டிவி முன்னால் பேசத் தெரிந்ததைத் தவிர அவளுக்கு வேறு வேலையும் தெரியாது.

ஆனாலும் கருட சேவை மட்டும் மாறவில்லை. நேற்றுவரை.

"ரெண்டு கேமராவும் கடைத் திறப்புக்குப் போவுது மாமி" என்றார் தணிகாசலம் நேற்று மத்தியானம். "பட்டுக்கடை. மெட்ராஸ்லேர்ந்து நடிகை வருது. விடிகாலைல முகூர்த்தம் வெச்சிட்டானுங்க. நான் இன்னா பண்றது?"

"அப்போ கருட சேவை?"

"போன வருச டேப்பு இருக்குதில்ல? அதே பெருமாளு, அதே கருடன், அதே கொடை. மேல நீங்க புதுசா பேசிட்டா எவனுக்குத் தெரியும்? நடக்க முடிஞ்சவன் கோயிலுக்குப் போயிடுவான். முடியாதவன்தான் டிவில பாக்கறான்."

"முடியாதவாளை ஏமாத்தலாங்கறேளா?"

"ஏமாத்தறது இன்னா, பெருமாளைத்தானே காட்டறோம்? பேயையா காட்டறோம்?" சிரித்துப் பார்த்தார். அவள் சிரிக்காததால் குரலை இறக்கினார். "இந்தக் கடைக்காரன் வெளம்பரத்துலதான் இங்க வெளக்கே எரியுது மாமி. உங்க வூட்டுக்காரருக்கு மருந்து வாங்கணுமா, வேணாமா? ரோசன பண்ணிச் சொல்லுங்க."

ராத்திரி ஸௌந்தரராஜனுக்குக் கை கால் பிடித்துவிடும்போது ஸ்ரீவல்லி மனதுக்குள் ஓர் ஏற்பாடு செய்துகொண்டாள். 'நேரடி' என்று சொல்ல மாட்டேன். 'இதோ', 'இப்போது' என்று சொல்ல மாட்டேன். திருவாபரணத்தைச் சொல்வேன், குடையைச் சொல்வேன், கதையைச் சொல்வேன். மூலையில் இருக்கிற எழுத்து நான் எழுதியதில்லை. இப்படிப் பொய்யை நறுக்கி, தன் பங்குக்கு வந்த துண்டு மிகச் சின்னதுதான் என்று சமாதானமாகி விளக்கை அணைத்தாள்.

டேப் ஓடத் தொடங்கியது. நாதஸ்வரமும் ஜனங்களின் இரைச்சலும் காதில் நிறைந்தன. ஸ்ரீவல்லி பேசினாள். கோயிலுக்குள்ளிருந்து தீவட்டி வெளிச்சம் மெல்ல நகர்ந்து வருவதை, கருடனின் விரிந்த சிறகை, எண்ணெய் வழிகிற தோள்களைச் சொன்னாள். 'இப்போது' இல்லாமலே பேச முடிந்தது. அது எவ்வளவு சுலபமாக இருந்தது என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

வாத்தியம் மட்டும் ஒலிக்கிற இடத்தில் ராமராஜன் மைக்கை அணைத்துவிட்டு, டெலிபோனை எடுக்கச் சொல்லிச் சைகை காட்டினான்.

"வல்லிமா? நான் செல்லிமா பேசறேன். இன்னாமா இது அதிசயம்! இங்க மழை ஊத்திக்கினு இருக்குது. தெருவுல முட்டிக்கால் தண்ணி. டிவில பாத்தா அங்க ஒரு பொட்டு இல்லியேமா!"

"மழையா?"

"இன்னா மழையாவா? ஊரே முழுவுது! எதிர் வூட்ல போன் பண்ணிக் கேட்டாங்க, பெரிய காஞ்சிபுரத்துலயும் பேயுதாம். சாமி மேல மட்டும் ஒரு தூறல் இல்ல. எங்கம்மாவை அந்தக் கோயில் தெரு முனையிலயே நிக்க வுட மாட்டாங்க, தெரியுமில்ல? எனக்குப் பாரு, வூட்டுக்குள்ள வந்து அதிசயம் காட்டறாரு. சாரு அழுவுறாருமா. உன்னாண்ட பேசணுமாம். இரு, காதுல வெக்கறேன்."

மூச்சுச் சத்தம் கேட்டது. அவருக்கு ஒவ்வொரு சொல்லும் கல்லைப் புரட்டுவதுபோல்தான் வரும்.

"வல்லி... நாமெல்லாம்... நனையறோம். அவன்... நனையலை."

"ஏன்னா, அழாதேங்கோ. மூச்சு வாங்கும்."

"நீ... சொல்லு. உன் வாயால... கேக்கணும்."

நாலு வருஷத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை. அவள் டெலிபோனை வைத்தாள். கதவைத் தள்ளிக்கொண்டு தணிகாசலம் உள்ளே வந்தார். தலையிலிருந்தும் சட்டையிலிருந்தும் தண்ணீர் சொட்டியது. அவரைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மழை நிஜமாயிற்று.

"மாமி, செல்லு விடாம அடிக்குது! நடிகை காரு ஸ்ரீபெரும்புதூர்லயே நின்னுபோச்சு, அது கெடக்கட்டும். டேப்புன்னு ஒருத்தனுக்கும் தோணல. அதிசயம்ன்றான். சூடம் ஏத்தறானாம் டிவிக்கு!"

"கோயில்ல என்ன ஆச்சு?"

"அங்க எங்க? மழை வுடட்டும்னு பெருமாளைக் கோபுரத்துக்கு உள்ளயே நிறுத்தி வெச்சிருக்காங்க. வெளியவே வரல." கர்ச்சீப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க. ஊரெல்லாம் மழை, அத்திகிரியான் மேல மட்டும் ஒரு துளி இல்லைன்னு. நீங்க சொன்னா நம்புவாங்க. அதுக்கப்புறம் இந்தச் சேனலை எவன் அசைப்பான்? வெறும் கோயிலையே காட்டலாம் மாமி, பழையபடி. சத்தியமா." அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் இருந்தது, மழையா என்று சொல்ல முடியவில்லை. "எங்கம்மா இருந்திருந்தா கன்னத்துல போட்டுக்கினு இருக்கும்."

"உங்கம்மா இருந்திருந்தா கேமரா அங்கே போயிருக்கும் சார்."

அவர் கர்ச்சீப்பை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, "டைம் ஆவுது, கொடை வரப்போவுது" என்று கண்ணாடிக்கு அப்பால் போய் ராமராஜன் பக்கத்தில் நின்றுகொண்டார்.

ஸ்ரீவல்லி திரையைப் பார்த்தாள். கோபுர வாசலில் கருடன் வந்து நிற்கிறது. இங்கேதான் பெரிய குடைகளைச் சாய்த்துப் பெருமாளை ஒரு நொடி மறைப்பார்கள். சோளிங்கரில் நோயோடு கிடந்து, வர முடியாமல் தவித்த தொட்டையாசாரியாருக்குக் காட்சி கொடுக்க, அந்த ஒரு நொடி அவன் அங்கே போய்விட்டு வருகிறான் என்பார்கள். வருஷா வருஷம் அவள் இந்த இடத்தில், "இந்த நொடி வர முடியாதவர்களுடையது" என்று சொல்வாள். கட்டிலில் ஸௌந்தரராஜன் இடது கையை மட்டும் நெஞ்சுக்கு நேரே தூக்குவார்.

இன்றைக்கு வர முடியாதவன் அவன்தான். மழைக்கு ஒதுங்கி உள்ளே நிற்கிறான்.

சொன்னால் என்ன? படுக்கையில் கிடக்கிற ஒரு மனுஷனுக்கு ஓர் அதிசயம். நாலு வருஷத்தில் அவருக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம், அதைப் பிடுங்குவதற்கு நான் யார்? பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் கல்லைப் புரட்டிப் புரட்டி இதைச் சொல்வார். சொல்லிவிட்டு, "கேளுங்கோ, இவள் பார்த்தாள்" என்று என்னைக் காட்டுவார். நான் ஒவ்வொரு தடவையும் தலையாட்ட வேண்டும். வெளியே வெயிலா, வாசலில் வந்தது யார், மல்லி பூத்ததா, எல்லாவற்றையும் அவர் என் வாயால் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார். இந்த வாயைத் தவிர அவருக்கு உலகத்தில் ஜன்னல் ஏது?

நாளைக்கு மருந்து? அதற்குப் பதில் தேடினாள். இல்லை. இருட்டில் கை நீட்டினால் சுவர்கூடத் தட்டுப்படாததுபோல் இருந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது. மைக் திறந்தாயிற்று. திரையில் போன வருஷத்துக் குடைகள், ஒரு சொட்டு ஈரமில்லாமல், மெல்லச் சாய்ந்தன. பெருமாள் மறைந்தார். கண்ணாடிக்கு அப்பால் தணிகாசலம் இரண்டு கையையும் ஆட்டி, சொல்லு சொல்லு என்றார். செவிலிமேட்டில் ஒரு கை நெஞ்சுவரை உயர்ந்து காத்திருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

குடைகள் விலகின. ஜனங்கள் கூவினார்கள்.

ஸ்ரீவல்லி தணிகாசலத்தைப் பார்த்து, மாட்டேன் என்று தலையை அசைத்தாள். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி, சத்தம் வராமல் மேஜை மேல் வைத்தாள்.